நம்பை: எண்சார் செய்நிரல் நூலகமொன்றை நிறுவுதலும் அதன் உழைப்புப் பின்னணியும்

இலக்கிய ஆய்விலும் சமூகவியல் ஆய்விலும் ஈடுபடுவோர் கணனியைப் பெரும்பாலும் எழுதுவதற்கும் வாசிப்பதற்குமுரிய சாதனமாகவே பயன்படுத்தி வருகின்றனர். எண்ணுதலும் கணித்தலும் விஞ்ஞான பீடத்தாருக்குரியன என்ற எண்ணம் இன்னமும் வலுவாகவே உள்ளது. ஆயினும், இருநூறு சிறுகதைகளை எடுத்துக்கொண்டு அவற்றுள் எச்சொற்கள் எத்தனை முறை பயின்று வருகின்றன, சொல்லாட்சி அடிப்படையில் எக்கதை எக்கதையை நெருங்குகின்றது என வினவத் தொடங்கும் ஆய்வாளர் விரைவிலேயே எண்களாலான பெரிய அட்டவணையொன்றின் முன் வந்து நிற்பர். 200 கதைகளை நிரைகளாகவும் 5,000 சொற்களை நிரல்களாகவும் அமைப்பின் அவ்வட்டவணையில் 10 இலட்சம் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கதையையும் மற்றெல்லாக் கதைகளோடும் ஒப்பிடுவதற்கு ஏறத்தாழ 20 கோடிப் பெருக்கல்கள் வேண்டப்படும். இத்தகைய வேலைக்கு இன்று மிகப் பரவலாக வழங்கும் கருவிகளுள் ஒன்று ‘நம்பை’ எனப்படும் திறந்த மூல எண்சார் நூலகமாகும்.

நம்பையை மேசைக் கணனியொன்றில் நிறுவுதல் எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டளையை மட்டும் கூறின் ஒரு வரியில் முடிந்துவிடும். அவ்வொரு வரி எவ்வாறு சாத்தியமாயிற்று, அதனைத் தட்டச்சுச் செய்யும்போது எமது கணனிக்குள் யாருடைய உழைப்பு வந்து சேர்கின்றது, அது வரும் வாயிலை யார் தம் வசம் வைத்துள்ளனர் என்ற வினாக்களையும் சேர்த்து நோக்கினாலே நிறுவுதல் என்ற செயல் விளக்கமுறும். ஆய்வுக் கருவியின் உற்பத்தி உறவுகளை அறியாது ஆய்வுப் பொருளின் உற்பத்தி உறவுகளைப் பற்றி மட்டும் பேசுவது முற்போக்கு ஆய்வாளருக்குப் பொருந்தாது என்பது எமது கருத்து.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். எண்சார் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலசையும், பைதன் என்ற செய்நிரல் மொழியின் பெயரின் முதலசையும் இணைந்து நம்பை என்றாயின. நூலகம் என்பது இங்கு வாசிப்பதற்குரிய இடமன்று. ஒருவர் எழுதிச் செப்பஞ்செய்த கணிப்பு முறைகளை வேறொருவர் தமது செய்நிரலினுள் பெயர்சொல்லி அழைத்துப் பயன்படுத்துமாறு தொகுத்து வைத்த களஞ்சியமே செய்நிரல் நூலகமாகும். பயன்படுத்துவோருள் மிகப் பெரும்பாலானோர் அதனைத் திறந்து வாசிப்பதே இல்லை. வாசிக்கப்படாத நூலகம் என்ற இம்முரண் பின்னர் எமக்கு உதவும்.

பைதன், நெதர்லாந்தின் ஆம்ஸ்ரர்டாம் நகரிலுள்ள கணித, கணனி ஆய்வு நிறுவனமொன்றில் பணியாற்றிய குவிடோ வான் ரொசும் என்பவரால் உருவாக்கப்பட்டு 1991 இல் வெளியிடப்பட்டது. எழுதுவதற்கும் கற்பதற்கும் எளிதான மொழி. ஆனால் எண்களைத் திரளாகக் கையாளும்போது மிக மெதுவானது. பைதனின் பட்டியலொன்றில் வைக்கப்படும் ஒவ்வொரு தசம எண்ணும் தனித்தனிப் பொருளாக நினைவகத்தின் வெவ்வேறிடங்களில் இருக்கும். பட்டியலில் இருப்பன அவற்றின் முகவரிகளே. இன்றைய 64 துணுக்குக் கணனியில் எண்ணொன்றுக்கு 24 பைற்றும் அதன் முகவரிக்கு 8 பைற்றுமாக 32 பைற்றுகள் செலவாகும். எமது 10 இலட்சம் கட்டங்களுக்கு 32 மெகாபைற் வேண்டும். நம்பையின் அடிப்படை அமைப்பாகிய ‘அணி’ அதே எண்களை ஒரே வகையினவாக, இடைவெளியின்றி வரிசையாக வைக்கின்றது. எண்ணொன்றுக்கு 8 பைற்று. மொத்தம் 8 மெகாபைற். இடம் சுருங்குவதை விட முக்கியமானது வேறொன்று. எண்கள் வரிசையாக இருப்பதால், பைதனைத் தாண்டிச் சென்று, சி மொழியிலும் போட்றான் மொழியிலும் ஏலவே எழுதப்பட்டுள்ள விரைவான கணிப்பு முறைகளிடம் அவ்வரிசையை முழுமையாக ஒப்படைக்க முடிகின்றது. பைதனில் நேரடியாகச் செய்யின் பல வினாடிகள் எடுக்கும் மேற்கூறிய 20 கோடிப் பெருக்கல்கள் இவ்வழியில் ஒரு வினாடியின் மிகச் சிறு பகுதியில் முடிந்துவிடுகின்றன.

எனவே நம்பையை நிறுவும்போது எமக்குக் கிடைப்பது நம்பை மட்டுமன்று. அதன் அடியில் இருப்பவற்றின் வரலாறு நம்பையின் வரலாற்றிலும் பார்க்க நீண்டது. போட்றான் மொழி, ஜோன் பக்கஸ் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி 1957 இல் வெளிவந்தது. தாயங்களைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கும், தாயங்களின் சிறப்பியல்புப் பெறுமானங்களைக் காண்பதற்குமான முறைகள் பலராலும் பல இடங்களிலும் எழுதப்பட்டு வந்தன. 1970களில் அமெரிக்காவின் ஆகோன் தேசிய ஆய்வுகூடத்தை மையமாகக் கொண்டு, அரச நிதியுடன், இம்முறைகள் ‘ஐஸ்பாக்’, ‘லின்பாக்’ என்ற தொகுதிகளாக ஒழுங்குபடுத்தப்பட்டன. 1979 இல் லோசன், ஹான்சன், கின்கெய்ட், குரோ ஆகிய நால்வர் ‘பிளாஸ்’ எனப்படும் அடிப்படை நேர்கோட்டு அட்சரகணித முறைகளை வரையறுத்து வெளியிட்டனர். இரு நிரல்களைக் கூட்டுதல், பெருக்கித் தொகை காணுதல் போன்ற மிகச் சிறிய வேலைகளுக்கு நிலையான பெயர்களைச் சூட்டி, அவற்றை எவ்வியந்திரத்திலும் ஒரே விதமாக அழைக்கலாம் என்ற உடன்பாட்டை ஏற்படுத்தியமையே இதன் சிறப்பு. தாயமும் நிரலும் சேரும் பெருக்கல் 1988 இலும், தாயமும் தாயமும் சேரும் பெருக்கல் 1990 இலும் இவ்வுடன்பாட்டினுள் சேர்க்கப்பட்டன. 1992 இல் இவற்றின் மேல் ‘லாபாக்’ எழுப்பப்பட்டது. இப்பணிகள் பலவற்றில் முன்னின்ற ஜாக் டொங்கரா 2021 ஆம் ஆண்டுக்குரிய ரியூரிங் விருதைப் பெற்றார்.

இங்கு ஓர் உட்கதையைக் குறிப்பிடுதல் அவசியம். லின்பாக் ஆசிரியருள் ஒருவரான கிளீவ் மோலர், நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில், போட்றான் எழுதத் தெரியாத மாணவரும் லின்பாக்கையும் ஐஸ்பாக்கையும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக 1970களின் பிற்பகுதியில் ‘மட்லாப்’ என்ற எளிய இடைமுகத்தை எழுதினார். அது இலவசமாகக் கைமாறியது. 1984 இல் மோலரும் வேறிருவரும் சேர்ந்து நிறுவனமொன்றைத் தொடங்கினர். புதிதாக எழுதப்பட்ட மட்லாப் விலைக்குரிய பண்டமாயிற்று. பொதுநிதியில் உருவான கணிப்பு முறைகளும், அவற்றை அணுகுவதற்குக் கட்டணம் கோரும் வாயிலும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள் என்பதை இது காட்டும். மோலரைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. அந்நிறுவனம் நல்ல கருவியைச் செய்து விற்றது. முதலாளித்துவச் சமூகத்தில் நல்ல கருவியைச் செய்வோர் விற்கவே செய்வர். அவர்கள் தனியுடைமையாக்கியது அடியிலிருந்த கணிப்பு முறைகளையன்று, மேலிருந்த வாயிலையே. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

பிளாஸ் ஓர் உடன்பாடு எனக் கூறினோம். உடன்பாட்டை ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் ஏற்ப விரைவாக நிறைவேற்றிக் கொடுத்தல் தனியான கைவினை. பெருக்கலைச் செய்வதிலும் பார்க்க, பெருக்க வேண்டிய எண்களை நினைவகத்திலிருந்து கொண்டுவருவதிலேயே கணனி அதிக நேரத்தைச் செலவிடுகின்றது. ஆதலால் தாயங்களைச் சிறு பாளங்களாக வெட்டி, ஒருமுறை கொண்டுவந்த பாளத்தை இயன்றவரை மீளப் பயன்படுத்திய பின்னரே விடுதல் வேண்டும். பாளத்தின் அளவு, எண்களை அடுக்கும் ஒழுங்கு ஆகியன முறைவழியாக்கிக்கு முறைவழியாக்கி மாறுபடும். ஜப்பானியக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய கசுஷிகே கோட்டோ என்பவர் இவ்வேலையை இயந்திர மொழிக்கு மிக அண்மையான நிலையில் கையாலேயே எழுதிப் பெரும்புகழ் பெற்றார். பின்னர் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் வளாகத்தில் அவர் ஆக்கிய நூலகம் 2010 இல் திறந்த உரிமத்தின் கீழ் வந்தது. அவர் அதனை மேற்கொண்டு வளர்க்காத நிலையில், சீன விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சாங் சியான்யீ முதலானோர் அதனை எடுத்து 2011 இல் ‘ஓப்பன்பிளாஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தனர். விண்டோஸ், லினக்ஸ் கணனிகளில் நம்பையை வழமையான முறையில் நிறுவுவோருக்கு உடன்வருவது இவ்வோப்பன்பிளாசே. அமெரிக்கப் பொதுநிதியும், ஜப்பானியக் கைவினைஞரின் பொறுமையும், சீன ஆய்வாளரின் தொடர்பணியும் ஒரே கோப்பினுள் அடங்கியுள்ளன.

நம்பையின் சொந்த வரலாறும் இத்தகையதே. 1995 இல் ஜிம் ஹியூகுனின் முதலானோர் ‘நியூமெரிக்’ என்ற நூலகத்தை ஆக்கினர். விண்வெளித் தொலைகாட்டி அறிவியல் நிறுவனத்தாருக்குப் பெரிய படங்களைக் கையாளும் தேவை இருந்தமையால் அவர்கள் ‘நியூம்அரே’ என்ற மற்றொன்றை எழுதினர். பயன்படுத்துவோர் இரு முகாம்களாகப் பிரிந்தனர். ஒன்றை நம்பி எழுதப்பட்டது மற்றதுடன் பொருந்தவில்லை. 2005 இல் ட்ராவிஸ் ஒலிபன்ற் இரண்டையும் ஒன்றிணைக்கும் வேலையைத் தொடங்கினார். 2006 இல் நம்பையின் 1.0 பதிப்பு வெளிவந்தது.

இனி நிறுவுதலுக்கு வருவோம். கணனியில் முதலில் பைதன் இருத்தல் வேண்டும். விண்டோஸ் பயன்படுத்துவோர் அதனைப் பைதன் அறக்கட்டளையின் தளத்திலிருந்து இறக்கி நிறுவலாம். லினக்ஸ் கணனிகளில் அது பெரும்பாலும் ஏலவே இருக்கும். அடுத்து, ஆய்வுத் திட்டமொன்றுக்கெனத் தனியான கோப்புறையை அமைத்து, அதனுள் ‘மெய்நிகர்ச் சூழல்’ எனப்படும் தனிப் பைதனை உருவாக்குதல் வேண்டும். பைதனுடன் கூடவே வரும் ‘வென்வ்’ என்ற கூறு இதனைச் செய்யும். ஒரு திட்டத்துக்கு வேண்டிய நூலகங்களின் பதிப்புக்கள் மற்றொரு திட்டத்தின் பதிப்புக்களைக் குழப்பாதிருப்பதற்கான ஏற்பாடே இது. பலர் இதனை வீண் சிரமமெனத் தவிர்ப்பர்; இரண்டாவது திட்டத்தைத் தொடங்கும்போது அதன் அருமை விளங்கும். 2023 இல் வெளிவந்த டெபியன் 12 உட்பட இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் சில, மெய்நிகர்ச் சூழலுக்கு வெளியே ‘பிப்’ கொண்டு நூலகங்களை நிறுவ முற்படின், இது பணிசெயல் முறைமையின் பொறுப்பிலுள்ள பைதன் எனக் கூறி மறுத்துவிடும். அதனைப் பழுதென எண்ணி வலிந்து மீறுதல் கூடாது.

சூழலை இயக்கிய பின், கட்டளைச் சாளரத்தில் பிப் என்ற கருவியின் பெயரையும், நிறுவுக எனப் பொருள்படும் ஆங்கில வினையையும், நம்பையின் பெயரையும் சிற்றெழுத்துக்களில் வரிசையாகத் தட்டச்சுச் செய்தால் போதும். பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதுதல் அவசியம். புகழ்பெற்ற நூலகங்களின் பெயர்களைச் சற்றே திரித்து, அப்பெயரில் தீங்கான செய்நிரல்களைப் பொதுக் களஞ்சியத்தில் வைப்போரும் உளர்.

அவ்வரியை உள்ளிட்டதும் நிகழ்வது யாது? பைதன் அறக்கட்டளை நடத்தும் களஞ்சியத்துடன் பிப் தொடர்பு கொள்கின்றது. அங்கு நம்பையின் ஒவ்வொரு பதிப்புக்கும் பல கோப்புக்கள் உள்ளன. அவை ‘வீல்’ எனப்படுகின்றன. உண்மையில் அவை சுருக்கப்பட்ட கோப்புத் தொகுதிகளே. ஒவ்வொன்றின் பெயரிலும் அது எப்பைதன் பதிப்புக்குரியது, எந்த இரும இடைமுகத்துக்குரியது, எப்பணிசெயல் முறைமைக்கும் எம்முறைவழியாக்கிக்கும் உரியது என்பன எழுதப்பட்டிருக்கும். எமது கணனிக்குப் பொருந்துவதைப் பிப் தெரிந்தெடுத்து இறக்குகின்றது. பொதுவாக அது பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட மெகாபைற் அளவினது. கோப்பு இடையில் மாறவில்லை என்பதைச் சரிபார்த்தபின், அதனை விரித்து உரிய கோப்புறையில் வைத்துவிடுகின்றது. நிறுவுதல் என நாம் அழைப்பது இவ்விரித்து வைத்தலே. சி மொழி மூல நிரலை இயந்திரம் விளங்கும் நிலைக்கு மாற்றுதல், ஓப்பன்பிளாசை இணைத்தல், ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்த்தல் ஆகிய கடினமான வேலைகள் யாவும் வேறெங்கோ, வேறு யாராலோ, ஏலவே செய்து முடிக்கப்பட்டுவிட்டன.

இவ்வசதி அண்மைக்காலத்தது. வீல் அமைப்பு 2012–13 ஆம் ஆண்டுகளிலேயே வரையறுக்கப்பட்டது. பல்வேறு லினக்ஸ் வழங்கல்களுக்கும் ஒரே வீல் பொருந்துவதற்கான உடன்பாடு 2016 இல் ஏற்பட்டது. அதற்கு முன்னர், குறிப்பாக விண்டோஸ் கணனியில், சி தொகுப்பானையும் போட்றான் தொகுப்பானையும் தேடிப் பொருத்தி மூல நிரலிலிருந்து இத்தகைய நூலகங்களை ஆக்குதல் கணனியியலாருக்கே பெருஞ்சோதனையாக இருந்தது. அக்காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாக ஆய்வுகூடமொன்றைச் சேர்ந்த ஒருவர், விண்டோசுக்கென நூற்றுக்கணக்கான நூலகங்களைத் தாமே தொகுத்துத் தமது பக்கத்தில் வைத்தார். உலகெங்கும் பல்கலைக்கழக மாணவர் அப்பக்கத்தையே நம்பியிருந்தனர். 2022 இல் ஆய்வுகூடத்துக்கான நிதி முடிவுற, அப்பணியும் நின்றது. நம்பையைப் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி இடம்பெறுவது அணியின் அழகிய அமைப்பே. தொகுத்தல், பொதிசெய்தல், சோதித்தல், பிழையறிக்கைகளுக்கு விடையளித்தல் ஆகிய உழைப்புப் பற்றி எழுதுவோர் குறைவு. வீட்டு உழைப்பு கணக்கில் வராததைப் போன்றதே இதுவும்.

ஒரு வரிக் கட்டளை தோல்வியுறும் வேளையில் இம்மறைந்த உழைப்பு திடீரெனக் கண்முன் வருகின்றது. பிப் கருவிக்கு எமது கணனிக்குப் பொருந்தும் வீல் கிடைக்காவிடின், அது மூல நிரலை இறக்கி எமது கணனியிலேயே தொகுக்க முற்படும். சி தொகுப்பான் இல்லையெனின் நீண்ட பிழைச் செய்தி திரையை நிரப்பும். முதன்முறை காண்போர் தமது கணனியே பழுதாகிவிட்டதென எண்ணுவர். அச்செய்தியின் பொருள் பெரும்பாலும் எளியது: இவ்வியந்திரத்துக்கென யாரும் ஏலவே உழைத்து வைக்கவில்லை. இதற்கு இரு காரணங்கள் வழமையானவை. ஒன்று, பைதனின் பதிப்பு மிகப் புதியதாயிருத்தல். புதிய பைதன் வெளிவந்த நாட்களில் சில நூலகங்களின் வீல்கள் ஆயத்தமாயிரா. முந்தைய பைதன் பதிப்பை நிறுவின் சிக்கல் தீரும். மற்றையது, கணனி மிகப் பழையதாயிருத்தல்.

இரண்டாவது காரணம் எமக்கு அதிக கவனத்துக்குரியது. பைதனின் 3.9 பதிப்பும் அதன் பின் வந்தவையும் விண்டோஸ் 7 இல் இயங்குவதில்லை. 3.8 ஐ ஆதரித்த நம்பை வரிசைகளுள் இறுதியானது 2022 டிசெம்பரில் தொடங்கிய 1.24 வரிசை. ஆகவே விண்டோஸ் 7 உள்ள கணனியை மாற்ற வசதியற்ற ஆய்வாளர் அவ்வரிசையுடனேயே நின்றுவிட வேண்டும். அல்லது அக்கணனியில் லினக்சை நிறுவ வேண்டும். நாம் இரண்டாவதையே பரிந்துரைப்போம். மூல நிரல் திறந்திருத்தல் ஒன்று, அதனை ஓட்டுவதற்குரிய இயந்திரம் கைவசமிருத்தல் வேறொன்று. உரிமத்தில் எழுதப்பட்ட சமத்துவம் இயந்திரச் சந்தையின் ஏற்றத்தாழ்வை நீக்கிவிடாது.

இலங்கையில் இது வெறுங்கோட்பாட்டு வினாவன்று. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலரொன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த நாணயமாற்று மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. டொலரில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டிய எம்மென்பொருளின் விலையும் இரண்டு மாதத்தில் அதே விகிதத்தில் உயர்ந்தது. நம்பையின் விலை அன்றும் பூச்சியம், இன்றும் பூச்சியம். அதே வேளை, இறக்குமதியாகும் கணனியின் விலை பூச்சியமன்று.

இணைய வசதி குறைந்தோருக்கு ஒரு வழியுண்டு. வசதியுள்ள இடமொன்றில், பிப் கருவியை நிறுவுமாறன்றி இறக்கிவைக்குமாறு மட்டும் பணித்து, வீல்களைக் கோப்புறையொன்றில் சேர்க்கலாம். அதனை எடுத்துச் சென்று, களஞ்சியத்தை நாடாது இக்கோப்புறையிலேயே தேடுக எனப் பணித்து மற்றைய கணனிகளில் நிறுவலாம். இரு கணனிகளினதும் பைதன் பதிப்பும் பணிசெயல் முறைமையும் ஒத்திருத்தல் வேண்டும். ஆய்வுகூடமொன்றிலுள்ள இருபது கணனிகளுக்கு இருபது முறை இறக்காது ஒருமுறை இறக்கினாற் போதும் என்பது இதன் மற்றொரு பயன்.

வாயில் பற்றிக் கூறியதை இங்கு தொடர்தல் பொருந்தும். பிப் கருவிக்கு மாற்றாக ‘அனகொண்டா’ என்ற தொகுப்பைப் பலர் விரும்புவர். பைதனையும் நம்பை முதலாய நூலகங்களையும் ஒன்றாகப் பொதிசெய்து தரும் இது 2012 இல் தொடங்கியது. தொடங்கியோருள் நம்பையின் ஒலிபன்றும் ஒருவர். வீல்கள் பரவாத காலத்தில் அது பெரும்பணி ஆற்றிற்று. 2020 இல் அந்நிறுவனம் தனது நிபந்தனைகளை மாற்றி, 200 பேருக்கு மேற்பட்டோர் பணியாற்றும் வணிக அமைப்புக்கள் தனது களஞ்சியத்தைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. பின்னர் நிபந்தனைகள் மேலும் திருத்தப்பட்டுள்ளமையால், பல்கலைக்கழகங்கள் அவற்றை நன்கு வாசித்த பின்னரே பயன்படுத்துதல் நன்று. உள்ளிருக்கும் நம்பை முன்போலவே கட்டற்றது, கட்டணம் களஞ்சியத்துக்கே. மட்லாப் வரலாற்றில் கண்ட அதே வடிவம் நாற்பதாண்டளவின் பின் மீண்டும் தோன்றியமை தற்செயலன்று. மூல நிரலை வேலியிட முடியாதவிடத்து, அதனை எளிதாகப் பெறும் வழியே வேலியிடத்தக்க பொருளாகின்றது. இவ்விடத்து மற்றொன்றையும் கூறல் வேண்டும்: அதே கருவி முறையைக் கொண்டு தன்னார்வலர் நடத்தும் ‘கொண்டா-ஃபோர்ஜ்’ என்ற களஞ்சியம் கட்டணமின்றி இயங்குகின்றது.

நம்பையின் உரிமம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தோன்றிய உரிம மரபைச் சேர்ந்தது. ஆசிரியர் பெயரையும் பொறுப்பு மறுப்பையும் நீக்காதவரை எவரும் அதனை எடுத்து, மூடிய வணிகப் பண்டமொன்றினுள்ளும் சேர்க்கலாம். 1983 இல் ரிச்சர்ட் ஸ்ரோல்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முதன்மை உரிமமோ, எடுத்தவர் தாம் திருத்தி வழங்குவதையும் அவ்வாறே திறந்து வைக்க வேண்டுமென வற்புறுத்துகின்றது. 1998 இல் உருவான ‘திறந்த மூலம்’ என்ற சொற்றொடரே வணிக நிறுவனங்களுக்கு உவப்பான முகத்தைக் காட்டும் நோக்குடையது. இதனைக் கொண்டு நம்பையை முதலாளித்துவத்தின் கையாள் எனத் தள்ளிவிடுவோரும், பணமின்றிக் கைமாறுவதால் அதனைப் பொதுவுடைமையின் முன்னறிவிப்பெனப் போற்றுவோரும் ஒருங்கே தவறிழைக்கின்றனர். மார்க்ஸ் 1857–58 இல் எழுதிய குறிப்பேடுகளில், சமூகத்தின் பொது அறிவு தானே உற்பத்திச் சக்தியாக மாறுவதைப் பற்றிச் சிந்தித்தார். நம்பை அத்தகைய பொது அறிவின் தெளிவான எடுத்துக்காட்டு. அது எவருக்கும் உரியதன்று என்பதனாலேயே, அதனைப் பேணும் செலவும் எவருக்கும் உரியதன்றாய் நெடுங்காலம் கிடந்தது. 2006 இல் 1.0 பதிப்பைக் கண்ட நூலகம், தனக்கென முதலாவது பெரிய நிதியுதவியை 2017 இலேயே பெற்றது. அது தனியார் அறக்கட்டளையொன்று வழங்கிய 645,000 டொலர். இரண்டாண்டுகளின் பின், 2019 ஏப்ரலில், கருந்துளையொன்றின் முதற்படம் வெளியாயிற்று. அப்படத்தை உருவாக்கிய கணிப்புக்களில் நம்பையும் பங்குகொண்டது. படம் உலகெங்கும் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் வந்தது.

நிறுவி முடிந்தபின் சரிபார்த்தல் வேண்டும். பைதனைத் திறந்து நம்பையை அழைத்து, அதன் பதிப்பெண்ணைக் கேட்டல் முதற்படி. அடுத்து, தனது அமைப்பைக் காட்டுமாறு நம்பையைப் பணிக்கும் கட்டளையொன்றுண்டு. அடியிலிருப்பது ஓப்பன்பிளாசா, இன்ரெல் நிறுவனத்தின் நூலகமா, வேறெதுவுமா என்பதை அது அச்சிடும். நம்பை 2.0 வெளிவந்த 2024 ஜூன் முதல், புதிய அப்பிள் கணனிகளில் அந்நிறுவனத்தின் சொந்த நூலகமே பயன்படக்கூடும். அதே 2.0 பதிப்பில் இரும இடைமுகமும் மாறியமையால், முந்தைய நம்பைக்கெனத் தொகுக்கப்பட்ட வேறு நூலகங்கள் புதியதுடன் இயங்க மறுக்கலாம். அவ்வாறாயின் அந்நூலகங்களையும் புதுப்பித்தல் வேண்டும். இயலாதாயின் இரண்டுக்குக் குறைந்த பதிப்பை நிறுவுமாறு பிப் கருவியிடம் குறிப்பிடல் வேண்டும்.

அடியிலிருப்பது எது என்பதை இலக்கிய ஆய்வாளர் ஏன் அறிதல் வேண்டும் என வினவலாம். கணனியில் தசம எண்கள் இரும வடிவில் தோராயமாகவே வைக்கப்படுகின்றன. பத்திலொன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டினால் பைதன் தரும் விடை 0.30000000000000004. இது பழுதன்று, 1985 இல் வகுக்கப்பட்ட உலகப் பொது நியமத்தின் விளைவு. ஒவ்வொரு கூட்டலிலும் இத்தகைய நுண்ணிய பிழை சேர்வதால், எண்களை எந்த ஒழுங்கில் கூட்டுகின்றோம் என்பது இறுதி இலக்கங்களை மாற்றவல்லது. வெவ்வேறு பிளாஸ் நூலகங்கள் தாயங்களை வெவ்வேறு பாளங்களாக வெட்டுவதால், ஒரே தரவுக்கு இரு கணனிகளில் கடைசி இலக்கங்கள் வேறுபடக்கூடும். இரு கதைகளின் நெருக்கம் ஏறத்தாழச் சமமாக இருக்குமிடத்து, அவ்வேறுபாடு எக்கதை முதலிடம் பெறுகின்றது என்பதையே மாற்றிவிடலாம். அவ்வாறான முடிவின் மீது எழுப்பப்படும் விமர்சனம் எத்துணை வலுவுடையது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்வர்.

ஆதலின், ஆய்வேட்டில் மூலபாடத்தின் பதிப்பைக் குறிப்பிடுவது போலவே கணிப்புக் கருவியின் பதிப்பையும் குறிப்பிடுதல் முறையாகும். பைதனின் பதிப்பு, நம்பையின் பதிப்பு, அடியிலுள்ள பிளாஸ் நூலகத்தின் பெயர், பணிசெயல் முறைமை ஆகிய நான்கும் போதுமானவை. சூழலிலுள்ள நூலகங்கள் யாவற்றின் பெயரையும் பதிப்பெண்ணையும் வரிசையாக எழுதித் தருமாறு பிப் கருவியையே கேட்கலாம். அது தரும் சிறிய பட்டியலைக் கோப்பாகச் சேமித்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்தால், அதே கோப்பைக் கொண்டு மற்றொருவர் தமது மேசைக் கணனியில் அதே பதிப்புக்களை நிறுவிக் கணிப்பை மீளச் செய்து பார்க்க இயலும்.